சிவக்காத பேனர்

சடையனுக்கு முன்வரிசைப் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. கீழ்த்தாடை இரண்டாக உடைந்திருந்தது. வலது கை விரல்களை யாரோ செங்கல்லால் நசுக்கியிருந்தார்கள். இத்தனைக்கும் மேலே, அவன் ஓடிவிடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தது போலீஸ்.

ஜெயப்பிரகாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மினிபஸ் கண்டக்டராக இருந்து, வாய்த்துடுக்கால் வேலை போய், துப்பறியும் அருள்மொழியிடம் வந்து சேர்ந்தவன் அவன். கோபம் வந்தால் அவனுக்கு நக்கல்தான் வரும்.

“சார், வெலங்கு இவனுக்கா, கட்டிலுக்கா?” என்று காவலுக்கு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிளைக் கேட்டான். “ரெண்டுல கட்டில்தான் ஓடுற கண்டிஷன்ல கீது. சக்கரம் வச்சிக்கினு நிக்குது பாருங்க.”

“வாய மூடிக்கினு போய்யா.”

அருள்மொழி கட்டிலருகே போனாள். ஐம்பது வயது, கோர்ட்டில் இருபது வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். அடுத்தவர் பொய்யைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதியே பொய்யின் வாசனை தெரிந்துகொண்டவள். குனிந்து சடையனின் காதருகே கேட்டாள்.

“நீ வெட்டுனியா?”

தலை இடமும் வலமும் ஒரே ஒரு தடவை அசைந்தது. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

கதை இவ்வளவுதான். நேற்று, வியாழக்கிழமை விடியற்காலையில், கல்வராயன் மலை ஏறும் ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு ஏஜென்ட் இளவரசன் பதினான்கு வெட்டு வாங்கிக் கிடந்தார். போன வாரம்தான் அவருடைய லாரி சடையனின் கறவை மாட்டை அடித்துக் கொன்றிருந்தது. கச்சிராயபாளையம் சந்தையில் நூறு பேர் கேட்க, “உன்ன வெட்டாம விடமாட்டேன்” என்று சடையன் கத்தியிருந்தான். அது போதாதா? போலீஸ் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் மலையேறி, அவனை இழுத்து வந்து, இந்தக் கோலத்தில் ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டது.

அதோடு விட்டார்களா? இன்று மூன்று மணிக்கு அடக்கம். அடக்கம் முடிந்ததும் பத்து லோடு வண்டியில் ஆள் ஏறி, மேலே சடையன் ஊரில் இருக்கிற ஏழு வீட்டையும் கொளுத்தப்போவதாக டீக்கடையில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். கேனில் பெட்ரோலும் வாங்கியாகிவிட்டது. இந்த வழக்கை அருள்மொழியிடம் கொண்டுவந்த சடையனின் மனைவி கமலா காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டாள். ஏழு வீட்டிலும் நடக்க முடியாத கிழங்களும் குழந்தைகளும். இறங்க ஒரே ரோடு. அந்த ரோட்டில்தான் அவர்கள் வரப்போகிறார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் கேட்டதற்கு, “பாதி ஆளு திருவிழா பந்தோபஸ்துல இருக்காங்கம்மா. நாலு பேர மேல அனுப்பியிருக்கேன். நீங்க வேற ஆளு, வேற ஆதாரம் கொண்டாங்க, கூட்டத்த நானே கலைக்கிறேன்” என்றார். நாலு லத்தியை வைத்து முந்நூறு பேரை நிறுத்துவார்களாம்.

மணி பதினொன்றரை.

* * *

நான்கு முனை சந்திப்பில் ஜெயப்பிரகாஷ் பைக்கை நிறுத்தினான். சந்திப்பு முழுக்க இளவரசன்தான். கண்ணீர் அஞ்சலி பேனர்கள், மொத்தம் பதினொன்று.

“யக்கா, நம்ம ஊர்ல செத்தவன் ஏன் இப்புடி வெக்கப்படுறான்?”

“இன்னாடா சொல்ற?”

“மூஞ்சியப் பாரு. கன்னம், மூக்கு, காது, எல்லாம் செவந்து கீது. வெள்ள சட்ட ரோஸ் கலர்ல கீது. அஞ்சலி செலுத்துறவனும் செவந்து கீறான். பொண்ணு பாக்க வந்தவங்க மாரி நிக்கிறாங்க எல்லாரும்.”

அருள்மொழி வண்டியிலிருந்து இறங்கினாள். ஒவ்வொரு பேனராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருபதடி உயரத்துக்கு நின்ற பெரிய பேனருக்குக் கீழே போய் நின்றுவிட்டாள்.

“இவரு மட்டும் ஏன் வெக்கப்படல?”

ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒன்றில் மட்டும் இளவரசனின் சட்டை பளிச்சென்று வெள்ளை. சாமந்தி மாலை மஞ்சள். விளக்குச் சுடர் சுடர் நிறத்தில். கீழே கைகூப்பி நின்றவர் பகலவன், இளவரசனின் உயிர் நண்பர், கிழங்கு வியாபாரிகள் சங்கச் செயலாளர். சங்கத் தலைவராக இருந்தவர் இளவரசன்.

“வேற கடையில அடிச்சிருப்பாங்க.”

“எல்லாத்துலயும் கீழ ஒரே பேர்தான். அபிநயா கிராபிக்ஸ். ஒரே கட, ஒரே மிஷினு. பத்து செவப்பு, ஒண்ணு வெள்ள.” பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியநாயகியிடம் திரும்பினாள். “இது எப்பம்மா கட்னாங்க?”

“அதாம்மா மொதல்ல வந்திச்சி. சேதி தெரிஞ்சி ஒரு மணி நேரங்கூட ஆவல, பேனர் ஏறிடிச்சி. பகலவனுக்கு அவுரு மேல அம்மாம் பாசம்.” பெரியநாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பழக்கம். பெரிய மனிதர் செத்தால் யாருடைய பேனர் முதலில் ஏறுகிறதோ, அவன்தான் அவருக்கு நெருக்கமானவன். அவருடைய நாற்காலியில் அடுத்து உட்காரவும் அவனுக்குத்தான் உரிமை. இழவு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பேனர் கடைக்கு ஓடுகிற ஊர் இது.

“அவரு அவசரமா அடிச்சது வெள்ளையா கீது. மத்தவங்க நிதானமா அடிச்சது செவந்து கீது” என்றாள் அருள்மொழி. “வண்டிய எடு.”

* * *

அபிநயா கிராபிக்ஸின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே யாரோ முனகினார்கள். ஜெயப்பிரகாஷ் குனிந்து நுழைந்ததுதான் தாமதம், ஷட்டர் இழுக்கிற கம்பி அவன் தோளில் இறங்கியது. கை மரத்துப்போய்த் தொங்கியது. இரண்டாவது அடி மண்டைக்கு வந்தது, உருண்டுவிட்டான். கம்பி பட்டு மேஜைக் கண்ணாடி தூள் தூளாகச் சிதறியது.

லோடு மூட்டை தூக்குகிற உடம்போடு இரண்டு பேர். ஒருவன் கையில் கம்பி. இன்னொருவன் தரையில் குப்புறக் கிடந்த ஒருவரின் முதுகில் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, கட தெறந்துதான் கீதா? ஒரு பிளக்ஸ் அடிக்கணும்” என்றான் ஜெயப்பிரகாஷ், தரையில் கிடந்தபடியே.

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

கம்பிக்காரன் ஓங்கினான். அதற்குள் பின்னால் வந்த அருள்மொழி பிரின்டிங் மிஷின் மேல் இருந்த இங்க் கேனைத் திறந்து அவன் முகத்தில் முழுசாக ஊற்றிவிட்டாள். கண்ணுக்குள் இங்க் இறங்கியதும் அவன் போட்ட கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஜெயப்பிரகாஷ் அவன் முழங்காலில் உதைத்தான். மடங்கி விழுந்தவனின் வாய் மிஷினின் இரும்பு விளிம்பில் மோதியது. இரண்டு பல் தெறித்தது. இன்னொருவன் அருள்மொழியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவள் கை துழாவி, பிளக்ஸ் வெட்டுகிற பிளேடை எடுத்து அவன் முழங்கை வரைக்கும் ஒரு கோடு இழுத்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் விட்டான். இரண்டு பேரும் பின்கதவு வழியாக ஓடினார்கள்.

தரையில் கிடந்தவர் கடைக்காரர் அஜித். இடது காது கிழிந்து தொங்கியது. விலா எலும்பு எத்தனை போயிற்றோ. பக்கத்தில் ஒரு லேப்டாப் மிதிபட்டு இரண்டாகக் கிடந்தது. கழிவறைக்குள் பூட்டப்பட்டிருந்த அவர் மனைவி அபிநயாவைத் திறந்துவிட்டதும், அவள் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயப்பிரகாஷ் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான்.

“ஒரே கேள்விம்மா” என்றாள் அருள்மொழி. “எப்பலேர்ந்து பேனர் செவப்பா வருது?”

அழுகைக்கு நடுவிலும் அபிநயாவுக்குக் கோபம் வந்தது. “செவ்வாகெழம புது லேப்டாப்பு வந்ததுலேர்ந்துங்க! பழசுல ஸ்கிரீனு செவப்படிச்சிக்கினே இருக்கும். மூணு மாசமா கடைக்கு நடையா நடந்தாரு. அவுங்க கலர் செட்டிங்க மாத்திப் பாத்தாங்க, ஏதோ மிஷின ஒட்ட வச்சி காலிபரேட் பண்ணாங்க, ஒண்ணும் தேறல. கடைசில வேற பீஸு மாத்திக் குடுத்தாங்க. புதுசு நல்லாத்தான் கீது. ஆனா அடிக்கிறதெல்லாம் செவந்து போவுது. எலவனாசூர்கோட்ட கல்யாண பார்ட்டி, மாப்ள குடிகாரன் மாரி கீறான்னு அடிக்க வந்துட்டாங்க!”

“ஸ்கிரீன் நல்லாருந்தா பேனர் ஏன் கெடுது?” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“ஸ்கிரீன மாத்துனாங்க, கண்ண மாத்தலயே” என்றாள் அருள்மொழி. “பழைய ஸ்கிரீன்ல மூஞ்சி செவப்பா தெரிஞ்சாதான் பேனர்ல சரியா வரும். மூணு மாசம் அதுக்குப் பழகிட்டாரு. புதுசுல மூஞ்சி வெளுத்தாப்ல தெரியுது, சரி பண்றேன்னு செவப்ப ஏத்துறாரு. அதனால செவ்வாகெழமைக்கு அப்பறம் செஞ்சதெல்லாம் செவப்பு. வெள்ளையா கீற ஒண்ணு மட்டும் பழைய ஸ்கிரீன்ல செஞ்சது.”

ஜெயப்பிரகாஷ் விரல் விட்டு எண்ணினான். பழைய ஸ்கிரீன் இருந்தது செவ்வாய் வரை. இளவரசன் செத்தது வியாழன். ஆள் உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி பேனர் தயாராகியிருக்கிறது.

அஜித் கண்ணைத் திறந்தார். “திங்கக்கெழம பகலவன் வந்தாரு. இளவரசன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கெடக்குறாரு, டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க, மொத பேனரு என்துதான் இருக்கணும், ரெடி பண்ணி வையின்னாரு. இப்புடி முன்னாடியே சொல்லி வக்கிறவங்க உண்டுங்க. நானும் செஞ்சி வச்சேன். வியாழக்கெழம வெட்டிட்டாங்கன்னு சேதி வந்ததுமே எனக்குப் புரிஞ்சிடிச்சி.” மூச்சு இழுத்தது. “இன்னிக்கி அவனே வந்து ஒதைச்சிட்டு, மிச்சத்த இவனுங்க கிட்ட உட்டுட்டுப் போனான். இளவரசனுக்கு எதுல காட்டுனன்னு கேட்டுக் கேட்டு ஒதைச்சான். நான் யாருக்குமே காட்டலைங்க! கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன். என்ன உட்ருங்க.” கண் மறுபடி சொருகியது.

“செத்தவனுக்கு அவன் அஞ்சலிய எவன் காட்டுவான்?” என்றான் ஜெயப்பிரகாஷ்.

அருள்மொழி, உடைந்து கிடந்த புது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு, பழசை எந்தக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாள்.

* * *

கடை சந்திப்பிலேயே இருந்தது. முதலாளி அரங்கநாதன் சந்தனப் பொட்டும் ஏசியுமாக உட்கார்ந்திருந்தார். ஜெயப்பிரகாஷின் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் பொட்டு வியர்த்தது.

“திரும்ப வந்த பீஸெல்லாம் கம்பெனிக்கு அனுப்பிச்சிடுவோம்மா.”

“அனுப்புன ரசீத காட்டுங்க” என்றாள் அருள்மொழி.

“அது வந்து, பையன் எங்கயோ வச்சிட்டான்.”

“சார், நான் பத்து வருஷம் டிக்கெட் இல்லாத மூஞ்சியப் பாத்தவன்” என்றான் ஜெயப்பிரகாஷ். “நீங்க டிக்கெட் எடுக்கல.”

“மேல ஏழு குடும்பத்த உசுரோட கொளுத்தப் போறாங்க. அந்தப் பொட்டி கெடைச்சா அவங்க பொழைப்பாங்க. கெடைக்கலன்னா, அத மறைச்சது நீங்கன்னு ஸ்டேஷன்லயும் சொல்லுவேன், அந்த ஏழு வூட்லயும் சொல்லுவேன்” என்றாள் அருள்மொழி.

அரங்கநாதன் குரலை இறக்கினார். “செட்டிங்ல செவப்ப கம்மி பண்ணேம்மா. பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. உள்ள இருக்கறத அழிக்க நேரமில்ல. ஷோவுக்கு வச்ச பீஸுன்னு சொல்லி, வெல கம்மி பண்ணி புதங்கெழம மத்தியானம் தள்ளிட்டேன். பொண்ணு காலேஜுக்குன்னு ஒருத்தர் வாங்கிக்கினு போனாரு.”

“யாரு?”

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே விரலை நீட்டினார். ஜெயப்பிரகாஷ் திரும்பிப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. இருபதடி பேனர்தான் இருந்தது.

“தோ, மாலையோட கீறாரே, அவுருதான்” என்றார் அரங்கநாதன்.

* * *

கச்சிராயபாளையம் போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால். இளவரசன் வீட்டு வாசலில் லோடு வண்டிகள் வரிசையாக நின்றன. பெட்ரோல் கேன்களைத் தார்ப்பாய்கூடப் போட்டு மூடவில்லை. பறைச் சத்தம் காதைப் பிளந்தது. பந்தலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இளவரசன். பக்கத்தில் பெரிய டிவியில் அவர் போட்டோக்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. பகலவன் கையில் மைக் இருந்தது.

“மண்ண போட்டதும் நாம நேரா மேலதான்! என் நண்பன வெட்டுனவன் ஊரு இன்னிக்கி இருக்கக்கூடாது!”

கூட்டம் உறுமியது. ஜெயப்பிரகாஷ் எண்ணிப் பார்த்தான். முந்நூறு பேர். நூறு அரிவாளாவது இருக்கும். ஒரு வார்த்தை தப்பினால் தங்களுக்கும் சேர்த்துக் குழி வெட்டிவிடுவார்கள்.

அருள்மொழி பெண்கள் பக்கமாக நுழைந்து இளவரசனின் மனைவி இசைவாணியிடம் போனாள். காதில் ஏதோ சொன்னாள். இசைவாணி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்தாள். “பொண்ணு இன்னும் தொடக்கூட இல்லைங்க” என்றாள்.

டிவி ஒயரைப் பிடுங்கி இதில் மாட்டுவது ஜெயப்பிரகாஷின் வேலை. ஒற்றைக் கையால் மாட்டினான். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை மாட்டிக்கொண்டது. அருள்மொழி லேப்டாப்பில் தேடித் திறந்த படம் டிவியில் வந்தது.

இளவரசன். சாமந்தி மாலை. விளக்கு. கண்ணீர் அஞ்சலி. கீழே கைகூப்பிய பகலவன்.

பறை நின்றது.

“எங்க எடுத்தீங்க இத?” என்றான் பகலவன். “நான் நேத்து அடிச்ச பேனர். அதுக்கு இன்னா இப்ப?”

“நேத்து அடிச்சதுதானே?” என்ற அருள்மொழி இசைவாணியிடம் திரும்பினாள். “இந்தப் பொட்டி எப்ப இந்த வூட்டுக்கு வந்துச்சி? எல்லாருக்கும் கேக்குற மாரி சொல்லுங்க.”

“புதங்கெழம மத்தியானம். அவுருதான் கொண்டாந்தாரு.”

“அப்பறம் வெளிய போச்சா?”

“இல்லைங்க. அன்னிக்கி ராத்திரியே பீரோல வச்சிப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல.”

ஜெயப்பிரகாஷ் பகலவனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை. “அண்ணமாரே, கேட்டுக்கங்க! புதங்கெழம உசுரோட கீற மனுஷன், தன் கையால, தன் கண்ணீர் அஞ்சலிய வாங்கிக்கினு வந்து வூட்ல வச்சிருக்காரு. சாவு வியாழக்கெழம. பேனர் திங்கக்கெழம. இந்த நண்பருக்கு மட்டும் மூணு நாள் முன்னாடியே எப்புடி அழுவ வந்துச்சி?”

பகலவன் இடுப்பிலிருந்து சூரிக் கத்தியை உருவிக்கொண்டு லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தான். ஜெயப்பிரகாஷ் நடுவில் கையை நீட்டினான். கத்தி முன்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. அவன் போட்ட அலறலில்தான் கூட்டத்துக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு நடந்ததை அவன் துண்டு துண்டாகத்தான் பார்த்தான். பகலவன் கீழே கிடந்தான். செருப்பு, கட்டை, நாற்காலி, கையில் கிடைத்ததெல்லாம் அவன்மேல் விழுந்தது. முகம் எது முதுகு எது என்று தெரியவில்லை. மலைக்குப் போக வேண்டிய பெட்ரோல் கேன் ஒன்று திறந்து அவன் தலையில் கவிழ்ந்தது. யாரோ ஒருவன் தீக்குச்சியை உரசினான்.

அருள்மொழி பகலவன்மேல் குறுக்கே விழுந்தாள். அவள் புடவையும் பெட்ரோலில் நனைந்தது.

“யக்கா, எழுந்திரு!” ரத்தம் ஒழுகும் கையோடு ஜெயப்பிரகாஷ் பாய்ந்து, தீக்குச்சி பிடித்தவனின் மணிக்கட்டைக் கடித்தான். குச்சி மண்ணில் விழுந்து அணைந்தது. இன்னொருவன் இன்னொரு குச்சியை எடுத்தான்.

“உடுங்க அவன!”

இசைவாணியின் குரல் அது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். “நேத்து ஒருத்தன ஒதைச்சீங்களே, அவன் செய்யலன்னு இப்ப தெரியுதுல்ல? அந்தப் பல்ல யாரு வச்சிக் குடுப்பீங்க? இவன எரிச்சிட்டு எனக்கு இன்னா ஆவப் போவுது? உசுரோட கோர்ட்டுக்குப் போவட்டும். எம்பொண்ணு போயி பாக்கணும் அவன.”

ஒவ்வொருவராகக் கட்டையைக் கீழே போட்டார்கள். வழியிலேயே போன் போட்டிருந்ததால் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து சேர்ந்தது. பகலவனை அதில் தூக்கிப் போட்டார்கள், மூச்சு இருந்தது. ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் லோடு வண்டிகளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். அருள்மொழி பெட்ரோல் நாற்றத்தோடு ஓரமாகப் போய்க் கமலாவுக்குப் போன் செய்தாள். “யாரும் வரமாட்டாங்கம்மா. சடையன் வெலங்க கழட்டச் சொல்லிட்டேன்.” மறுமுனையில் கமலா அழுவது ஜெயப்பிரகாஷ் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

யாரோ அவன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இசைவாணி அவனிடம் வந்தாள். டிவியில் அந்தப் படம் இன்னும் அப்படியே நின்றது.

“தம்பி, இத அவுரு பாத்தாரா?”

ஜெயப்பிரகாஷ் நல்ல கையால் லேப்டாப்பில் தேடினான். இன்றைக்கு முன் அந்தப் படம் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் அதில் பதிவாகியிருந்தது. புதன்கிழமை, மாலை ஆறு நாற்பது. படத்தைப் பார்த்துவிட்டு, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று நண்பனிடமே தனியாகக் கேட்கத்தான் மறுநாள் விடியற்காலையில் மலை ரோட்டுக்குப் போயிருக்கிறார். இப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது.

“பாத்தாரும்மா.”

இசைவாணி அந்த எண்களை விரலால் தொட்டாள்.

“அன்னிக்கி தட்டுல போட்ட சோறு போட்டபடி கெடந்துச்சி” என்றாள். “கொழம்பு புடிக்கலயா, வெளிய எங்கயோ தின்னுட்டு வந்துட்டியா, இனிமே உனக்கு ஆக்கி வைக்க மாட்டேன்னு கத்தினேன் தம்பி. அவுரு ஒண்ணும் சொல்லல. படுத்துக்கினாரு.”

ஜெயப்பிரகாஷ் நல்ல கையால் டிவி ஒயரைப் பிடுங்கினான். படம் அணைந்தது.